கரி ஏறாத டியூப்

புகைக்குழாயிலிருந்து மீட்டருக்குப் போகும் டியூபில் கரி ஏறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பச்சியண்ணன் இந்தக் கேள்வியைத் தன் குருவிடம் இரண்டு முறை கேட்டார். முதல் முறை தெரியாமல் கேட்டார். இரண்டாம் முறை தெரிந்தே கேட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டி முழங்கால் போன பிறகு, சங்ககிரியில் சென்னியப்பனின் பட்டறையில் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர் பச்சியண்ணன். நரைத்த தலையோடு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறாரே என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு முழங்கால் நன்றாக இருந்தது.

குரு சீடரை அண்ணா என்றார். சீடர் குருவை மேஸ்திரி என்றார், வாங்க போங்க என்றார். அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

முதல் முறை கேட்டபோது சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். அங்கே நின்றிருந்த லாரிக்கு அடியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

எஞ்சின் புகை சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. சைலன்சருக்குள் கரி அடைத்துவிட்டால் புகைக்கு வழியில்லை. எஞ்சினுக்கு மூச்சு முட்டும், சூடு ஏறும். அதை டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லத்தான் புகைக்குழாயிலிருந்து மெல்லிய செம்பு டியூப் ஒன்று மீட்டருக்குப் போகிறது. அழுத்தம் ஏறினால் முள் பச்சையை விட்டுச் சிவப்புக்குப் போகும். தொல்லை என்னவென்றால், புகை போகிற இடத்துக்கெல்லாம் கரியும் போகும்.

சென்னியப்பன் அந்த டியூபைப் புகைக்குழாயின் மேல்பக்கத்தில் பொருத்தியிருந்தார். அங்கிருந்து மீட்டர் வரை அது எங்கும் தொய்யாமல் ஏறிக்கொண்டே போனது. தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், கரி அதில் சேறாகும் என்று விரலால் தடவிக் காட்டினார். பிறகு மீட்டர் பக்கத்து நட்டைக் கழற்றி, டியூபில் வாய் வைத்து ஊதினார். கரி கொஞ்சம் கீழே போனது, கொஞ்சம் அவர் வாய்க்கே வந்தது. துப்பினார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடியும் ஊதோணும்."

கரியே வராமல் செய்ய முடியாதா என்று பச்சியண்ணன் கேட்டார். மேஸ்திரி நட்டை மாட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முள் பச்சையில் நடுங்கிக்கொண்டு நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் துள்ளியது.

"நடுங்குதுங்களே."

"நடுங்கட்டும். நின்னுபோன முள்ள மட்டும் நம்பீராதீங்க, அண்ணா."

இரண்டு வருடம் பச்சியண்ணன் ஊதினார். வாயெல்லாம் கரி. சாப்பாட்டில்கூட அந்தக் கசப்பு இருந்தது. ஆனாலும் அதுதான் நல்ல காலம்.

பிறகு பதினெட்டு லாரி வைத்திருந்த ஒரு முதலாளி வந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த அவருக்கு மனமில்லை. முள் நடுங்குவதும் பிடிக்கவில்லை. பார்த்தாலே டிரைவர்கள் பயப்படுகிறார்களாம். கரி வராத டியூப் ஒன்று செய்துகொடு, பதினெட்டு வண்டியும் உன் பட்டறைக்குத்தான் என்றார்.

சென்னியப்பன் நான்கு நாள் யோசித்தார். டியூப் புகைக்குழாயில் சேரும் வாயில் துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டை வைத்து, அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளை இறுக்கித் திணித்தார். கரி வரவில்லை. முள் நடுங்கவும் இல்லை. மாதம் மூன்றாகியும் ஒருவரும் டியூபைக் கழற்றவில்லை. நாமக்கல்லிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் மேஸ்திரியின் பேரைக் கேட்டுக்கொண்டு வண்டிகள் வந்தன.

பேர் வந்தால் கூடவே காதுக்கு ஒரு கோளாறு வந்துவிடும் போலிருக்கிறது. பட்டறையில் ஒரு நட்டு லூசாக இருக்கிறது என்று சொன்னவரை ஒரு வாரம் வண்டி கழுவப் போட்டார் சென்னியப்பன். அதற்குப் பிறகு எல்லோரும் தெளிவாகிவிட்டார்கள். காலையில் வந்ததும் வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று அவர் கேட்பார். "எல்லாம் சரிங்க" என்பார்கள். அவரும் சந்தோஷமாக டீ குடிப்பார்.

அர்த்தநாரி அந்தப் பதினெட்டு லாரிகளில் ஒன்றின் டிரைவர். பச்சியண்ணனோடு ஒரே வண்டியில் ஆறு வருடம் மாற்றி மாற்றி ஓட்டியவர். ஒருநாள் மதியம் அவர் வண்டிக்கு ஆயில் மாற்றி முடித்து, பச்சியண்ணன் ஸ்டார்ட் செய்து பார்த்தார். முள் பச்சையில் நின்றது. மிதித்தார். நின்றது. எஞ்சினை அணைத்தார். கீழே விழவேண்டிய முள் அப்போதும் அதே இடத்தில் நின்றது.

வண்டியை விட்டு இறங்கினார். நேராக மேஸ்திரியிடம் போனார். உள்ளே முதலாளியும் மேஸ்திரியும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, அந்த வண்டியில முள்ளு ஆடலீங்க."

சென்னியப்பன் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "இருவத்தாறு வருசம் ஸ்டியரிங் புடிச்சவருங்க. முள்ளு ஆடலீன்னா அண்ணனுக்குத் தூக்கம் வராது."

முதலாளி சிரித்தார். பச்சியண்ணனும் சிரித்தார்.

நின்றுபோன முள்ளை நம்பாதே என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அர்த்தநாரியிடமாவது சொல்லியிருக்கலாம். மேஸ்திரியே சிரித்துவிட்டாரே, நாம் என்ன பெரிய மேதை என்று நினைத்துக்கொண்டார். அர்த்தநாரி வந்து சாவியை வாங்கியபோது, எல்லாம் சரியாக இருக்கிறது, போய்வா என்றார்.

நான்காம் நாள் தொப்பூர் மேட்டில் அந்த லாரி தீப்பிடித்தது. சைலன்சர் முழுக்கக் கரி. சூட்டில் ஆயில் குழாய் வெடித்திருந்தது. கேபினிலிருந்து கிளீனரை இழுத்து வெளியே போட்டதில் அர்த்தநாரிக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. கிளீனர் பிழைத்தார். கைகள் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பச்சியண்ணன் அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினார். அர்த்தநாரி கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"வண்டி இழுக்கலே, பச்சி. என்னமோ ஆவுதுன்னு தெரிஞ்சுது. மீட்டரப் பாத்தேன். பச்சையிலதான் இருந்துச்சு. சரீன்னு இன்னுங் கொஞ்சம் மிதிச்சேன்."

பச்சியண்ணன் அடுத்த வாய் ஊட்டினார்.

எரிந்த லாரியை இழுத்துவந்து பட்டறைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். சென்னியப்பன் மூன்று நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் காலையில் பச்சியண்ணன் அவர் எதிரில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, டியூபுக்குள்ள கரி ஏறாம இருக்க என்னங்க பண்ணோணும்?"

சென்னியப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். பின்னால் போய் லாரிக்கு அடியில் படுத்து, அந்தச் செம்பு டியூபைத் தானே கழற்றி எடுத்துவந்தார். வைஸில் பிடித்து, ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்தார். மெல்லிய டியூப், நசுங்கிவிடாமல் வெகுநேரம் அறுத்தார். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டியூப் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு பொட்டுக் கரி இல்லை. செம்பு புதிதாக மின்னியது. வாயிலிருந்த பித்தளைத் துண்டை அவர் கவிழ்த்துத் தட்டினார். கம்பிச் சுருள் வரவில்லை. கரி அதைக் கல்லாக இறுக்கியிருந்தது.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்" என்றார் சென்னியப்பன்.

"தெரியுமுங்க."

"சொல்லவும் வந்தீங்க."

பச்சியண்ணன் வைஸின்மேல் உதிர்ந்திருந்த செம்புத் தூளைக் கையால் கூட்டினார்.

சென்னியப்பன் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பட்டறையில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பிறகு, தன்மேல் என்ன இருந்தாலும் இப்போதே சொல்லிவிடும்படி கேட்டார். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி, வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

பச்சியண்ணனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தானும் கூடச் சிரித்ததைச் சொல்ல வேண்டும். எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதப் பழக்கம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மேஸ்திரி. எல்லாம் சரிங்க."

சென்னியப்பன் மீட்டரைப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தார்.

"முள்ளு ஆடலியே, அண்ணா" என்றார்.