புண்ணுக்கு மூத்தவள்

ஓணான்பட்டியில் பொன்னுரங்கம் வீட்டு அண்ணன் தம்பிகள் நால்வரும் ஒழுங்குக்குப் பெயர் போனவர்கள். அறிவுக்கு அந்தப் பெயர் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? அவர்களுக்கு வாழ்க்கையில் ஒரே விதிதான்: எதுவானாலும் மூத்தவருக்கு முதலில். முதல் தோசை பொன்னுரங்கத்துக்கு, அடுத்தது காத்தமுத்துவுக்கு, அதற்கடுத்தது மாரப்பனுக்கு, சட்டியின் அடியில் மிஞ்சிய மாவைச் சுரண்டி ஊற்றுவது கடைசித் தம்பி சடையப்பனுக்கு. மழை வந்தால்கூடப் பொன்னுரங்கம் முற்றத்தில் இறங்கி நனைந்த பிறகே மற்றவர்கள் நனைவார்கள். மூத்தவர் மூவருக்கும் பெண் கொடுக்க எவரும் முன்வராமற்போகவே, மூவரும் வரிசையாகக் கைநாட்டு வைத்து விட்டுக்கொடுத்த பிறகுதான் சடையப்பனுக்குக் கல்யாணம் நடந்தது.

சடையப்பனுக்கு இரண்டரை வயதில் ஒரு மகள், பெயர் நாச்சி. அவள் கால் தன் மார்பின்மேல் கிடக்காவிட்டால் அவனுக்கு உறக்கம் வராது. அதனால்தான் மனைவி பவளக்கொடி, கண் அறுவை செய்துகொண்ட தன் தந்தைக்குத் துணையாகப் பிறந்தகம் போனபோது, “பிள்ளை இங்கேயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்” என்று மார்தட்டிச் சொன்னான்.

மார்தட்டிய நான்காம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நாச்சியின் மூக்கோரத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது உதட்டைச் சுற்றி உறவினர்களைச் சேர்த்துக்கொண்டது. பவளக்கொடி தொலைபேசியில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி வருவேன். பிள்ளை மூஞ்சியில ஒரு புண்ணு இருந்துச்சோ, தூக்கிட்டு எங்க வீட்டுக்கே போயிருவேன். அப்புறம் நீங்க பொங்கலுக்குப் பொங்கல்தான் அவளைப் பாப்பீங்க, சொல்லிட்டேன்.”

சடையப்பன் நாச்சியைத் தூக்கிக்கொண்டு மூத்தவர்களிடம் ஓடினான். அண்ணன்மார் உடனே கூடி, வந்திருப்பது இன்ன நோய் என்று ஆராயத் தொடங்கினர்.

“இது அக்கி. குயவர்கிட்டப் போயி காவியால எழுதிக்கணும்” என்றான் காத்தமுத்து.

“அக்கின்னா இடுப்புலதான் வரும். இது பல்லி நக்குனது” என்றான் மாரப்பன்.

“பல்லிக்கு அத்தாம் பெரிய நாக்கு ஏதுடா?” என்று பொன்னுரங்கம் கேட்டார்.

நியாயமான கேள்வி. நாக்கை அளந்து பார்ப்பதற்காக நால்வரும் அரைநாள் பல்லியைத் துரத்தினார்கள். அது வாலை மட்டும் சாட்சிக்கு விட்டுவிட்டுப் போயிற்று. வாலைக் கொண்டு நாக்கை அளக்கும் வழி தெரியாததால், திங்கட்கிழமை காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு நடந்தார்கள்.

நர்சம்மா ஜெபமணி பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “கொப்புளம் உடைஞ்சு தேன் நிறத்துல பக்குக் கட்டியிருக்கு பாருங்க. இது ஒட்டுற சிரங்கு. சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு, வாயைச் சுத்தித்தான் வரும். பயப்பட வேண்டாம்.”

“மலைத்தேனா, கொம்புத்தேனாம்மா?” என்றான் காத்தமுத்து.

“எந்தத் தேனா இருந்தா என்னய்யா?”

“ரெண்டும் வேற வேற நிறமாச்சே!”

நர்சம்மா அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் மேற்கொண்டு சொன்னார். “வெதுவெதுன்னு தண்ணி வச்சு, சோப்புப் போட்டு, பக்கை மெதுவா ஊற வச்சுக் கழுவுங்க. அப்புறம் இந்தக் களிம்பை மெல்லிசாத் தடவுங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்க. முக்கியமா, பிள்ளையோட துண்டைத் தனியா வையுங்க. அதை எடுத்து வேற யாராச்சும் மூஞ்சி துடைச்சா அவங்களுக்கும் ஒட்டிக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்தார்கள். சோப்பு வந்தது. பொன்னுரங்கம் மணையில் அமர்ந்து முகத்தை நீட்டினார். களிம்பு மெல்லிசாகத்தான் தடவப்பட்டது, முகம்தான் அகலம். அடுத்துக் காத்தமுத்து; அவனுக்குக் கழுத்தும் சேர்த்தி. அதற்கடுத்து மாரப்பன். சடையப்பனுக்கு ஒரு கன்னம் தேறிற்று. நாச்சியின் முறை வந்தபோது குழாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது. மாரப்பன் அந்தக் காற்றையும் வீணாக்காமல் குழந்தையின் புண்ணுக்கு நேரே பிடித்தான்.

மறுநாள் நடந்ததைச் சொல்லி இரண்டாவது குழாய் கேட்ட சடையப்பனை நர்சம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கொடுத்தார். “நல்லா இருக்கிற மூஞ்சிக்கு எதுக்குய்யா மருந்து? புண்ணு இருக்கிறவங்களுக்குத்தான் தடவணும். புரியுதா?”

புரிந்தது. அதுதான் வினையாயிற்று.

“புண்ணு இருக்கிறவங்களுக்குத்தானாம். எனக்குப் புண்ணு இல்லையே” என்றார் பொன்னுரங்கம், சொத்தை இழந்தவரின் குரலில்.

“உங்களுக்குத் தடவாம நாச்சிக்கு எப்படிண்ணே தடவுறது?” என்று காத்தமுத்து கவலைப்பட்டான்.

“அப்போ எனக்கு வந்தாகணும்.”

“எப்படிண்ணே வரும்?”

“நர்சம்மாதான் வழி சொல்லி அனுப்பினாங்களே! படிச்சவங்க படிச்சவங்கதான். அந்தத் துண்டை எடு.”

“அண்ணே, அதுவரைக்கும் பிள்ளைக்கு எரியுமேண்ணே” என்றான் சடையப்பன்.

“எரியத்தான் செய்யும். அதுக்காக முறையை விட முடியுமாடா? உன் கல்யாணத்தன்னிக்கு எங்களுக்கு எரியலையா?”

அன்று முதல் நாச்சியின் முகத்தைத் துடைத்த துண்டு, நாள்தோறும் மூன்று வேளை, வயது வரிசையில் நான்கு முகங்களைச் சுற்றி வந்தது. முகம் துடைத்த பிறகு கண்ணாடி. கண்ணாடிக்குப் பிறகு பெருமூச்சு. வரவேண்டியவருக்கு வராமல், வரக்கூடாத குழந்தைக்குப் புண் மோவாய் வரைக்கும் இறங்கிற்று. களிம்புக் குழாய் திறக்கப்படாமல் மாடத்தில் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் பொன்னுரங்கத்தின் மூக்கோரத்தில் முதல் கொப்புளம் தோன்றிற்று. தம்பிமார் கற்கண்டு வாங்கித் தெருவுக்கே கொடுத்தனர். வெயில் ஏறுவதற்குள் மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று அரும்பிவிட்டது. பொன்னுரங்கம் மீசையை ஒதுக்கிக்கொண்டு மணையில் அமர்ந்தார். “தடவுடா, தம்பி.”

சடையப்பன் குழாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து நாச்சி பால் தம்ளரை வாயில் வைத்தாள்; உதட்டுப் பக்கு வெடித்தது; தம்ளரைத் தள்ளிவிட்டு, “அப்பா, வலிக்குது” என்று வீறிட்டாள். சடையப்பனின் கை நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டறியாதவன் அன்று கேட்டான்.

“பெரியண்ணே, உங்களுக்கு எப்போ வந்துச்சு?”

“இன்னிக்குக் காலையில.”

“நாச்சிக்கு?”

“அதுக்கு வந்து எட்டு நாளாச்சே.”

“அப்போ... புண்ணுக்கு மூத்தவங்க யாருண்ணே?”

காத்தமுத்து விரல்விட்டு எண்ணினான். மாரப்பன் அவன் விரல்களை எண்ணினான். பொன்னுரங்கம் கண்ணை மூடித் திறந்து, மணையிலிருந்து மெல்ல எழுந்தார்.

“எட்டு நாளா நம்ம வீட்டுல நமக்கு மூத்தவங்க ஒருத்தங்க இருந்திருக்காங்க. நாமதான் மட்டு மரியாதை இல்லாம இருந்துட்டோம்டா.”

நாச்சியை மணையில் அமர்த்தி நால்வரும் காலில் விழுந்தார்கள். அவள் அழுகையை நிறுத்திப் பொன்னுரங்கத்தின் மீசையைப் பிடித்து இழுத்தாள். அது ஆசீர்வாதம் என்று கொள்ளப்பட்டது.

அதற்குப் பிறகு நர்சம்மா சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. நாச்சியின் பக்கு ஊற வைத்துக் கழுவப்பட்டது, களிம்பு மூன்று வேளையும் தடவப்பட்டது, நகம் வெட்டப்பட்டது. முதல் தோசையும் அவளுக்கே போயிற்று. பாதியைத் தின்று மீதியை மாரப்பனின் தலையில் வைத்தாள். அவளுக்கு முற்றிலும் ஆறும் முன்பு தங்கள் முகத்தில் மருந்து வைப்பது அடாத செயல் என்று கருதிய நால்வரும் காத்திருந்தார்கள். வியாழக்கிழமை குழந்தையின் முகம் கழுவிவைத்த கிண்ணம்போல் ஆயிற்று. மற்ற நான்கு முகங்களிலும் மலைத்தேன், கொம்புத்தேன் இரண்டும் விளைந்திருந்தன.

வெள்ளிக்கிழமை பவளக்கொடி வந்தாள். மகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காதுமடலின் பின்புறம்வரை பார்த்தாள். “பரவாயில்லையே! நல்லாத்தான் பாத்திருக்கீங்க” என்றாள்.

அந்தப் பாராட்டை நேரில் பெற்றுக்கொள்ளச் சடையப்பன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். அண்ணன்மாரும் வந்தார்கள், வரிசையாக.

“அடப் பாவிகளா!” பவளக்கொடி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். “இந்த மூஞ்சிகளோட அவளைத் தூக்கினா மறுபடியும் ஒட்டிக்காதா? நாலு பேருக்கும் ஆறுற வரைக்கும் பிள்ளை எங்க வீட்டுலதான்!”

“பவளம், போகாதடி” என்று சடையப்பன் கெஞ்சி முடிப்பதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினான். பொன்னுரங்கமோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“எதுக்குடா அழற? மூத்தவங்க புறப்பட்டாச்சு. நாம வீட்டுல உக்காந்திருந்தா மரியாதையா?”

மத்தியானப் பேருந்தில் நால்வரும் ஏறியதும், முகங்களைப் பார்த்த பயணிகள் பின்பாதியை அவர்களுக்கே ஒழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பவளக்கொடி முன்வரிசையில், அவர்களை முன்பின் அறியாதவள்போல் அமர்ந்திருந்தாள். நடத்துநர் எட்ட நின்று கையை நீட்டினார்.

“நாலு பேரும் டிக்கெட் எடுங்க.”

“எங்க மூத்தவங்க இன்னும் எடுக்கலையே. அவங்களுக்கு முன்னால நாங்க எடுக்கிறது முறையில்லைங்க” என்றார் பொன்னுரங்கம்.

“யாருய்யா அது, உங்க மூத்தவரு?” என்று நடத்துநர் கத்தினார்.

நான்கு விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, முன்வரிசையை நோக்கி நீண்டன. பவளக்கொடியின் மடியில் நாச்சி கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, எச்சில் வழிய, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

“மெதுவாப் பேசுங்க, தம்பி” என்று பொன்னுரங்கம் தணிந்த குரலில் அதட்டினார். “பெரியவங்க கண்ணசந்திருக்காங்க. முழிச்சதும் கலந்து பேசிட்டுச் சொல்றோம்.”