திரும்பி வந்த உப்பு

"தாயே, என் மகள் உப்பைத் திருப்பி அனுப்பிட்டாளாமே?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் மாறநம்பி. மூச்சு இரைத்தது. கணவாய் வரைக்கும் பல்லக்கு ஏறாது. கடைசி ஏற்றத்தை மந்திரியானாலும் நடந்துதான் ஏறவேண்டும்.

கொற்றியம்மை, கணவாயை ஒட்டிய தன் மடத்து வாசலில் கிடந்த உப்புப் பொட்டலத்தைக் காட்டினார். அதே மஞ்சள் துணி. மாறநம்பி தன் கையால் போட்ட அதே முடிச்சு.

"பிரிச்சுக்கூடப் பார்க்கலையா?"

"இல்லை."

கடல்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் தகராறு வந்த கதை சின்னதுதான். மலைநாட்டு ராஜா கருவாட்டுக்குச் சுங்கம் ஏற்றினான். கடல்நாட்டு ராஜா சும்மா இருப்பானா? தேக்குக்கு ஏற்றினான். அவன் இன்னும் கொஞ்சம், இவன் இன்னும் கொஞ்சம். கடைசியில் படை திரட்டலாமா என்ற பேச்சு வந்தது.

அப்போதுதான் கடல்நாட்டு மந்திரியான மாறநம்பி அந்த யோசனையைச் சொன்னார்.

"படை எதுக்கு மகாராஜா? மலையில உப்பு விளையாது. கணவாயை அடைச்சாப் போதும். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம வழிக்கு வந்துடுவாங்க."

சபையே மெச்சியது. மந்திரியின் ஒரே மகள் பூங்குழை வாழ்க்கைப்பட்டிருப்பது மலைநாட்டில் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவருக்கு வந்தது. தான் போட்ட பூட்டுக்குத் தானே கள்ளச்சாவி தேடினார். இரண்டு நாட்டுக் காவலும் தடுக்காத ஒரே ஆள் அவருடைய குரு கொற்றியம்மைதான். அவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினார்.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது.

கொற்றியம்மை மண்சட்டியில் கஞ்சி ஊற்றி நீட்டினார். மாறநம்பியைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனால் ராஜாவையே வா, போ என்று பேசுகிறவர்.

"குடி."

ஒரு வாய் குடித்த மந்திரி முகம் சுளித்தார்.

"உப்பே இல்லையே!"

"அங்கே எல்லா வீட்டுலயும் இதுதான்."

"அப்போ சீக்கிரம் பணிஞ்சிடுவாங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பழக்கதோஷம்.

"உப்பில்லாம சாப்பிடறது அவங்களுக்குப் புதுசு இல்லை, நம்பி. மலைநாட்டுல சாவு விழுந்த வீட்டுல துக்கம் தீர்ற வரைக்கும் உலையில உப்புப் போடமாட்டாங்க. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரிக்காமத் திருப்பி அனுப்பிடுவாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மலைநாட்டில் எத்தனை மூட்டை உப்பு செலவாகும் என்று தெரியும். பெண் கொடுத்த வீட்டின் வழக்கம் தெரியாது.

சட்டியைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா என் மகள் வீட்டுல... பேரனுக்கு ஏதாவது?"

"இருக்கான். மெலிஞ்சு போயிருக்கான்."

"மாப்பிள்ளை?"

"கொட்டில்ல பசு செத்துக் கிடந்தது. அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தார்."

"சம்பந்தி? சம்பந்தியம்மா?"

"ரெண்டு பேரும் இருக்காங்க. என்கிட்டப் பேசலை."

மாறநம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம், சிரிக்கக்கூட முயன்றார்.

"அப்போ வெறும் வீம்புதான். சின்ன வயசுலேர்ந்தே பிடிவாதக்காரி. இன்னொரு தடவை கொண்டு போங்க தாயே. அப்பா கொடுத்ததுன்னு சொல்லுங்க, வாங்கிக்குவா."

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

கொற்றியம்மை மூடிய கணவாயைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு மாடு ஈனஸ்வரத்தில் கத்தியது.

"அப்பாவுக்கு என்னைக்குத் திதி கொடுக்கணும்னு என்கிட்டக் கேட்டா."

"திதியா? நான் உயிரோட இருக்கேனே, தாயே!"

"நானும் அதைத்தான் சொன்னேன்."

"அதுக்கு?"

"'இல்லை. கணவாய் அடைச்ச அன்னைக்கே போயிட்டார்'னு சொல்லிட்டு, உலையை இறக்கினா."