பெட்டி போகிற வழி

உரக்கடைக் குலுக்கலில் வாளி விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டோடு கிடந்திருப்பார்கள். விழுந்ததோ சொகுசுக் கப்பல் பயணம்! கொக்கரப்பட்டித் தவசியும் அவன் கூட்டாளிகள் மொக்கராசு, செவத்தையா இருவரும் கடலைச் சுற்றிவிட்டு, ஆளுக்கொரு மஞ்சப்பையோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

இறங்கியதுமே தவசி ஏர்போர்ட்டுக்கு வழி கேட்கக் கிளம்பினான். குவைத்துக்கு வேலைக்குப் போன அவன் பெண்டாட்டி பவுனு மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் விமானத்தில் வருகிறாள். "நான் வர்றப்ப ஏர்போர்ட்ல நீ கண்ணுல படலைன்னு வையி, அடுத்த பிளேன்லயே திரும்பிருவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் பாவம், அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

வாசல் காவலாளி நல்ல மனுஷன். "பீச் ஸ்டேஷன்ல ரயில் ஏறுங்க. பெரிய பெட்டி வச்சிருக்கவங்க ஏர்போர்ட்டுக்குத்தான் போவாங்க. அவங்க பின்னாலயே போயிருங்க" என்றார்.

ரயிலில் கோதண்டராமன் என்பவர் பெரிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மூவரும் எதிரில் அமர்ந்து பெட்டியையே கண்கொட்டாமல் பார்த்தார்கள். அவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாம்பலத்தில் அவர் இறங்க, இவர்களும் எழுந்தார்கள்.

"ஏர்போர்ட்டுக்குத் திரிசூலத்துல இறங்கணுங்க" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"உங்ககிட்ட பெட்டியே இல்லையே, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு இறங்கினான் செவத்தையா.

கோதண்டராமன் வேகமாக நடந்தார். இவர்களும் நடந்தார்கள். அவர் ஓடினார். "பிளேனுக்கு நேரமாச்சு போல" என்று இவர்களும் ஓடினார்கள். அவர் வீட்டுக்குள் பாய்ந்ததும், கணவரின் சிநேகிதர்கள் என்று நினைத்து அவர் மனைவி, "வாங்க, செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க" என்றார்.

"ஏர்போர்ட்டு இத்தனூண்டா இருக்கே?" என்றான் தவசி.

"செருப்பைக் கழட்டச் சொன்னாங்களா இல்லையா? அதான் செக்கிங்" என்றான் மொக்கராசு.

அந்த அம்மாள் உள்ளே போனதும் மிக்ஸி அலறியது.

"கேட்டியா? பிளேன் இறங்குது!" என்றான் மொக்கராசு.

தவசி தலையைச் சீவிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றான். சத்தம் நின்றது. இட்லித் தட்டும் சட்னிக் கிண்ணமுமாக அந்த அம்மாள் வந்தார். பவுனு வரவில்லை.

"போயிட்டாளே! திரும்பிப் போயிட்டாளே!" என்று தவசி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"ஏன்யா, இங்கயா இருக்க?"

வாசலில் பவுனு! அவளுக்கு முன்னால், அதே விமானத்தில் வந்திறங்கிய கோதண்டராமன் மகன், பெரிய பெட்டியோடு வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"வெளிய போக வழி கேட்டேன். பெட்டிக்காரங்க பின்னாலயே போம்மான்னாங்க. இந்தத் தம்பி பெட்டிதான் இருக்கிறதுலயே பெருசு" என்றாள் பவுனு. அவளும் கொக்கரப்பட்டிதானே!

"உங்கிட்டயே பெட்டி இருக்கே புள்ள?"

"அதை நான்ல இழுத்துக்கிட்டு வர்றேன். அதுக்கு எப்படிய்யா வழி தெரியும்?"

தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இனி விடுவதாக இல்லை. செவத்தையா இட்லிக்குச் சட்னி கேட்டு வாங்கினான்.

கோதண்டராமனுக்குத் தாங்கவில்லை. "நாம அண்ணன் வீட்டுக்குப் போயிரலாம், கிளம்புங்க!" என்று மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு, பெட்டியோடு தெருவில் இறங்கினார்.

"ஏய், பெட்டி கிளம்பிருச்சு! ஊருக்குத்தான் போவுது!" என்று கத்தினான் மொக்கராசு.

நால்வரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். செவத்தையா வாயில் இட்லியோடு கூவினான்:

"ஐயா, செருப்பை மாட்டிக்கிறோம்! பெட்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க!"