பதினேழாம் எண் வீட்டுத் தோட்டம்

“காட்டுத் தோட்டத்துக்குச் சொல்ற ஏழு அடுக்கு மரஞ்செடியும் வெச்சிருக்கேம்மா. ஒண்ணும் தேறலை.”

சொன்னவர் பதினேழாம் எண் வீட்டுத் தணிகாசலம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று.

கேட்டவர் சேசம்மாள். முப்பத்தைந்து வயது. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட்டில் காடு போலத் தோட்டம் வைத்திருப்பவர்.

“என்னென்ன வெச்சீங்க, சார்?”

“மேலே தென்னை. அதுக்குக் கீழே பப்பாளி, வாழை. தரையில வல்லாரை. கயிறு பிடிச்சு, டேப் வெச்சு அளந்து நட்டேன்.”

“அதான் அளவுல குறை தெரியலையே.”

“சிரிக்காதீங்கம்மா. பொங்கலுக்குள்ள காய்க்கலேன்னா சிமென்ட் தளம் போட்டுடுவேன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. இன்னிக்கு அளவெடுக்க மேஸ்திரி வேற வர்றார்.”

“காலையில என்ன செய்வீங்க?”

“பெருக்குவேன். ஒரு சருகு கிடக்காது. அடுப்படித் தோலோட சேர்த்து மூட்டை கட்டி வாசல்ல வெச்சிடுவேன்.”

சேசம்மாள் அவரைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போனார்.

தணிகாசலம் சுற்றிப் பார்த்தார். முருங்கையில் சிறகவரைக் கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் மஞ்சள். கால் வைத்த இடமெல்லாம் மண் அமுங்கியது.

“மண்ணு எங்கே வாங்கினீங்க? நான் ஒரு லோடு செம்மண், எட்டு மூட்டை உரம் இறக்கினேன்.”

“வாங்கலை சார். குப்பை வண்டிக்காரர் சருகு மூட்டை கொண்டாந்து போடுவார். மூணு வருஷமா அதைத்தான் கொட்டுறேன்.”

“யார் வீட்டுச் சருகு?”

“வேண்டாம்னு வெச்சவங்க வீட்டுது.”

அவர் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தார்.

“வந்ததுக்கு ரெண்டு சக்கரைவள்ளி எடுத்துட்டுப் போங்க” என்றார் சேசம்மாள்.

“மண்வெட்டி?”

“கையே போதும்.”

மணிக்கட்டு வரை கை உள்ளே போனது. முதலில் ஒரு கிழங்கு வந்தது. இன்னொன்றும் வந்தது. மூன்றாவதாக விரலில் பட்டது கிழங்கு இல்லை.

எவர்சில்வர் கரண்டி. வேட்டியில் துடைத்தார். காம்பில் பெயர் பொறித்திருந்தது.

த. மரகதவல்லி.

அவர் மனைவியின் பெயர். கரண்டி தொலைந்து இரண்டு வருடம். நாத்தனார்தான் எடுத்துப் போய்விட்டார் என்று மரகதவல்லி இன்றுவரை சொல்லி வருகிறார்.

தணிகாசலம் கரண்டியை மடியில் செருகிக்கொண்டார். பிறகு கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் மேஸ்திரி டேப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனை மரகதவல்லியின் கையில்.

“வந்துட்டீங்களா? வாழையைத் தள்ளிட்டா தளம் நேரா வருமாம்” என்றார் மரகதவல்லி.

தணிகாசலம் கரண்டியை நீட்டினார்.

டேப் கீழே விழுந்தது. மரகதவல்லி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க, இது எங்கே கிடைச்சுது?”

தணிகாசலம் வாசலுக்குப் போனார். காலையில் கட்டி வைத்த சருகு மூட்டையைக் குப்பை வண்டி இன்னும் எடுக்கவில்லை. அதைத் தூக்கி வந்து வாழையடியில் வைத்து, முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார்.

“நம்ம தோட்டத்து மண்ணுலதான்” என்றார்.