மணக்காத புட்டி

"இங்க வந்து மூணு வருசமாச்சுங்கம்மா. இப்பெல்லாம் ஒண்ணுமே தெரியறதில்லைங்க" என்றார் நாச்சிமுத்து.

கேட்டுக்கொண்டிருந்த திலகவதி அம்மாவுக்கு வயது நாற்பத்து நான்கு. வடவள்ளியில் ஒரு வாடகை வீட்டின் முன்கூடத்தில் காலையும் மாலையும் பத்துப் பேருக்குத் தியானம் சொல்லித் தருகிறவர். நாச்சிமுத்துவுக்கு அறுபத்து மூன்று. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

வந்த புதிதில் நாச்சிமுத்து கண்ணை மூடினாலே மனசு அடங்கிவிடுமாம். இப்போது கண்ணை மூடினால் முட்டிவலிதான் தெரிகிறதாம். அதனால் ஹரித்துவாரில் ஒரு மடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை ரயில். போனால் திரும்பி வருவதாக இல்லை.

அவர் இங்கே வந்ததே கோபத்துக்கு வைத்தியம் தேடித்தான். முப்பது வருடம் நூற்பாலையில் மேஸ்திரி. ஆலையில் போட்ட சத்தத்தை வீட்டிலும் போட்டார். ஒருநாள் அவர் மனைவி மயிலாத்தாள் நாலு புடவையை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு பேச்சும் நின்றது. கோபம் போனதும் போய் அழைத்து வரலாம் என்றுதான் நாச்சிமுத்து இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார். மனசே அடங்காதபோது எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது?

குரு பேச்சை மாற்றினார்.

"முன்கூடத்து வாசனைப் புட்டியை நீங்கதானே பாத்துக்கறீங்க?"

அது ஒரு மாணவி கொடுத்தது. கடைகளில் ரீட் டிஃப்யூசர் என்பார்கள். குறுகிய வாய் உள்ள கண்ணாடிப் புட்டி, உள்ளே வெட்டிவேர் எண்ணெய், அதில் நட்டுவைத்த எட்டு நாணல் குச்சிகள். குச்சி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றும், மணம் தானாகப் பரவும். வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் போதும், இரண்டு மாதம் வரும் என்று சொல்லித்தான் குரு அதை ஒப்படைத்திருந்தார்.

"அதை ஏனுங்கம்மா கேக்கறீங்க. மட்டமான எண்ணெயைத் தலையில கட்டிட்டாங்க. ஒரே வாரத்துல வாசம் போயிருச்சு."

இயந்திரம் சுணங்கினால் வேகத்தைக் கூட்டு என்பது மேஸ்திரி சாஸ்திரம். நாச்சிமுத்து குச்சிகளைத் தினமும் திருப்பினார். பிறகு இரண்டு வேளையும் திருப்பினார். புட்டியைத் தூக்கி மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தார். பன்னிரண்டாம் நாளே எண்ணெய் தீர்ந்தது. புதிதாக ஒன்று வாங்கி எண்ணெயை இதில் ஊற்றி, அதன் குச்சிகளையும் சேர்த்து நட்டார். எட்டு பதினாறாயிற்று. சொட்டிய இடங்களில் மேசையின் வார்னிஷ் வட்டவட்டமாக உரிந்தது. தியானத்துக்கு வந்தவர்கள் தும்மினார்கள். ஊரெல்லாம் சளி என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"வடக்க போறதுக்கு முன்னாடி மகளைப் பாத்துச் சொல்லிட்டு வாங்கண்ணா" என்றார் குரு. "நாலு நாள் இருங்க. புட்டியை இங்க யாரும் தொடமாட்டோம்."

"அங்க அவ இருக்காளுங்களே. மொகம் குடுத்துப் பேசமாட்டா."

"சோறு போடுவாங்கல்ல?"

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நான்காம் நாள் பிற்பகல் திரும்பினார். கேட்டைத் திறக்கும்போதே மூக்கைச் சுளித்தார். வாசற்படியில் இரண்டு தும்மல். கூடத்துக்குள் காலை வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். புட்டியை விசிறிக்குக் கீழிருந்து எடுத்து மூலை அலமாரியில் வைத்தார். பன்னிரண்டு குச்சிகளை உருவி எறிந்தார். நாலை மட்டும் விட்டுவைத்தார்.

குரு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தார். நாலு நாளும் வகுப்பு அங்கேதான் நடந்ததாம்.

"முன்னாடியெல்லாம் இதுக்குள்ள எப்படிங்கம்மா ஒக்காந்திருந்தீங்க?"

"நீங்களுந்தான் ஒக்காந்திருந்தீங்க."

"எனக்குத் தெரியலைங்களே."

"ஆமா" என்றார் குரு. "பொள்ளாச்சியில என்ன விசேசம்?"

சொல்ல என்ன இருக்கிறது என்று நாச்சிமுத்து சலித்துக்கொண்டார். மாப்பிள்ளை பார்க்காமல் உட்கார்ந்து இவருடைய மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டார். இவர் அதையே டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் மகள் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாராம். மயிலாத்தாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போவதோடு சரி. இன்று கிளம்பும்போது மட்டும் வாசல்வரை வந்தாராம்.

"வந்து?"

"'ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? நாலு நாளா ஒருத்தரையும் வையலீங்களே'ன்னு கேட்டாளுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நேரமாச்சுன்னுட்டு..."

மூன்று வருடம் கழித்து மனைவி பேசியிருக்கிறாள். அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நாச்சிமுத்து டேப் ஒட்டிய கண்ணாடியைக் கழற்றினார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அம்மா, இப்ப பொள்ளாச்சிக்கு பஸ் இருக்குங்களா?"

"உக்கடம் பஸ் ஸ்டாண்டுல அடுத்தடுத்து இருக்குங்கண்ணா."