செம்போத்து பரிமாறிய பந்தி

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சும் ஒரே பந்தியுமாக இருந்த அந்தக் காலத்தில், பொருநை ஆற்றங்கரையில் ஒரு புளியந்தோப்பு இருந்தது. மரத்தின் மேலே மைனாவும் காக்கையும் அணிலும் குடியிருந்தார்கள். மரத்தடியில் குடிசை போட்டு மனிதர்கள் இருந்தார்கள். அவரவர் அடுப்பில் என்ன வெந்தாலும், வாரத்தில் ஒரு மதியம் தோப்பு முழுக்கச் சேர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்கிச் சாப்பிடுவது வழக்கம்.

அணில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு வரும். மைனா துவரம்பருப்பு கொண்டுவரும். காக்கை எங்கிருந்தோ வடகம் கொண்டுவரும். எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. மனிதர்கள் அரிசியும் கத்தரிக்காயும் வாழைக்காயும் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டுச் சமைப்பவள் இசக்கி என்ற பெண். அவள் வடகத்தைத் தாளித்துக் கொட்டும்போது ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் பசிக்கும்.

பரிமாறுவது செம்போத்து. பறவை எப்படி அகப்பை பிடிக்கும் என்று கேட்காதீர்கள். பேசத் தெரிந்ததற்குப் பிடிக்கத் தெரியாதா? அப்போது செம்போத்துக்கும் மற்றப் பறவைகளைப் போல கறுப்புக் கண்தான். செம்பழுப்புச் சிறகைச் சால்வையாட்டம் மடித்துக்கொண்டு பந்தியின் நடுவே நிமிர்ந்து நடக்கும். சின்னவர் பெரியவர் எல்லோரும் அதை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்நாளில் பந்திக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் போதும் என்றால் போதும். பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விட வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. எல்லோரும் எழுந்த பிறகு பானையில் மிஞ்சுவது பரிமாறினவருக்கு. அடியில் முறுகலாகப் பிடித்த சோறு, அதில் ஒட்டிய பருப்பு, வடகம் எல்லாம் செம்போத்துக்குத்தான். வேலை செய்தவர் உரிமை என்று ஒருவரும் அதில் கண் வைத்ததில்லை.

ஒரு கோடையில் அக்கரைப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. அங்கிருந்த கௌதாரி ஒருத்தி, குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு ஆற்று மணலைக் கடந்து வந்து, தோப்பின் ஓரத்து முட்புதரில் ஒதுங்கினாள். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். மைனா நேரில் போய், இந்த வாரம் பந்திக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தது. எல்லாம் எரிந்துபோனவள் பானையில் போட எதைக் கொண்டுவருவாள்? வெறும் அலகோடு வந்தாள். ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவள்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சுகளையும் கூட்டி வந்தால் நன்றாக இருக்காது என்று புதரிலேயே விட்டுவிட்டு வந்து, பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்தாள்.

செம்போத்து முதல் சுற்றில் எல்லோருக்கும் போட்டது போல அவளுக்கும் ஒரு அகப்பை போட்டது. இரண்டாம் சுற்றில் அணில் இரண்டு தடவை வாங்கியது. காக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசி இலைக்கு வரும்போது பானையில் மேல்சோறு தீர்ந்து, அடிமுறுகல் மட்டும் இருந்தது. அன்றைக்கு என்னவோ முறுகல் நல்ல பொன்னிறமாக வந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா தாயி?” என்று செம்போத்து கேட்டது.

“போதும் அண்ணாச்சி” என்றாள் கௌதாரி.

சொன்னது வாய்தான். கழுத்து நீண்டு, கண் பானைக்குள் போய்விட்டிருந்தது. செம்போத்து அதைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. போதும் என்று சொல்லிவிட்டாளே, நாம் என்ன செய்ய முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பானையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. அதற்குமுன் எந்த இலையைவிட்டும் அது அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை.

பந்தி கலைந்தது. கௌதாரி இலையைப் பொட்டலமாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். செம்போத்து மர நிழலில் சாய்ந்து, முறுகலைப் பெயர்த்து ரசித்துத் தின்ன ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கௌதாரிக் குஞ்சு ஒன்று ஓடிவந்து, அம்மா பாதையில் விழுந்துவிட்டாள், கூப்பிட்டால் பேசவில்லை என்று அழுதது.

எல்லோரும் ஓடினார்கள். அலகில் கவ்விய முறுகலும் சிறகிடுக்கில் அகப்பையுமாகச் செம்போத்தும் ஓடியது. முட்புதருக்குப் போகிற வழியில் கௌதாரி சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் கிடந்த பொட்டலத்தை இசக்கி பிரித்துப் பார்த்தாள். போட்ட சோறு போட்டபடி இருந்தது. அத்தனை பேர் நடுவில் சாப்பிடுவது போல அலகை மட்டும் அசைத்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல் பிள்ளைகளுக்காக மடித்திருக்கிறாள்.

இசக்கி அவளை மடியில் போட்டு நீராகாரத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கௌதாரி கண் திறந்தாள்.

“ஏட்டி, எங்க பந்தியில உக்காந்துட்டு பசியோடயா எந்திரிச்சே? உனக்கு மறுசோறு வேணுமான்னு யாரும் கேக்கலியா?” என்றாள் இசக்கி.

கௌதாரி சுற்றிலும் பார்த்தாள். செம்போத்து நிற்பது தெரிந்ததும் பதறிப்போனாள்.

“அண்ணாச்சி கேட்டாக. நான்தான் போதும்னேன். அவுக மேல ஒரு குத்தமும் இல்ல.”

செம்போத்தின் அலகிலிருந்து முறுகல் கீழே விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு வழக்கத்தைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளோ பசி மயக்கத்திலும் அதன் மானத்தைக் காப்பாற்றுகிறாள். செம்போத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அவ கழுத்து நீண்டத பாத்தேன். பசின்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் நகந்தேன்” என்றது.

யாரும் அதை ஏசவில்லை. அவள் வெறும் அலகை அசைத்ததைத் தானும் பார்த்ததாக அணில் முணுமுணுத்தது. அண்ணாச்சி கவனித்துக்கொள்வார் என்று தான் பேசாமல் இருந்துவிட்டதாக மைனா சொன்னது. காக்கை தலை குனிந்துகொண்டது. ஒரு ஊரே வயிறு நிறையத் தின்றுவிட்டு, தலை நிமிர முடியாமல் நின்றது.

செம்போத்து அகப்பையை இசக்கியின் காலடியில் வைத்தது. பறந்தால் எல்லோர் கண்ணிலும் படும் என்று, தரையோடு தரையாக நடந்து அடர்ந்த புதருக்குள் போய் மறைந்தது. அங்கே அழுத அழுகையில் அதன் கறுப்புக் கண் ரத்தமாகச் சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு மாறவே இல்லை.

அடுத்த வாரம் கௌதாரி குஞ்சுகளோடு வந்து பந்தியில் உட்கார்ந்தாள். இசக்கியே பரிமாறினாள். இரண்டாம் சுற்று வந்ததும் கௌதாரி சிறகை விரித்து இலையை மறைத்துக்கொண்டு, போதும் அக்கா என்றாள்.

“நீ சொல்லத்தான் செய்வ. எனக்குக் காது கேக்காது” என்று சொல்லி, சிறகை விலக்கிவிட்டு இசக்கி நிறையப் போட்டாள். கௌதாரி அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பக்கத்து இலைக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

செம்போத்தையும் மைனா போய்க் கூப்பிட்டது. கௌதாரியே போய்க் கூப்பிட்டாள். அது வரவில்லை. புதர் ஓரத்தில் ஒரு இலை போட்டு வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

அன்று முதல்தான் செம்போத்து சிவந்த கண்ணோடு கூட்டம் சேராமல் புதருக்குள் நடந்து திரிகிறது. நம் பந்திகளிலும், விருந்தாளி இலைக்குமேல் கையை விரித்துப் போதும் என்று சொன்ன பிறகு, பரிமாறுகிறவர் அந்த வார்த்தையை நம்பாமல் இன்னும் ஒரு அகப்பை போடுகிறார்.