இரண்டாம் சரணத்து இருமல்

பாட்டுக் கம்பெனி அதிகாரி ராஜமன்னார் விழுப்புரத்துக்கு வந்ததே ஒரு பொம்பளையை உள்ளே தள்ளத்தான். பஸ் ஸ்டாண்டு எதிரே மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் தவமணியின் கடைக்குள் இன்ஸ்பெக்டரோடு நுழைந்தார்.

"திருட்டுப் பாட்டா விக்கிற? எங்க பாட்டு ஒண்ணு விடாம இப்பவே அழி. இல்லன்னா கம்பி எண்ணுவ."

"அழிச்சிடறேன் சார். அந்தப் பழைய ஊஞ்சல் பாட்டை மட்டும் உங்க ஒரிஜினல்ல ஒருதரம் போடுங்க. ஒத்துப் பார்த்துக்கறேன்."

அவர் மிடுக்காகப் போனை எடுத்து, கம்பெனி ஆப்பில் பாட்டை ஓடவிட்டார். இரண்டாம் சரணத்தில் ஒரு குழந்தை இருமியது.

"இருமுறது யாரு சார்?"

"ஸ்டுடியோவுல யாராவது இருமியிருப்பாங்க."

தவமணி ஒரு பழைய கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டாள். அதே இடத்தில் அதே இருமல். பாட்டு முடிந்ததும் அவளுடைய இளவயதுக் குரல்: "ஏண்டி பவுனு, பாட்டு பதியறப்பவா இருமுவ?"

"ரேடியோ பக்கத்துல டேப்பை வச்சுப் பதிஞ்சேன் சார். இருமினது என் பொண்ணு. நெட்ல போட்டதும் நான்தான். உங்க ஒரிஜினல் எங்க?"

ராஜமன்னார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரிஜினல் டேப் குடோனில் பூஞ்சை பிடித்துப் போனது அவருக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "யார் மேல சார் கேஸ் எழுதறது?"

இருவரும் போய்விட்டார்கள். அடுத்த வாரமே கம்பெனி இருமலை மட்டும் அழித்துவிட்டுப் பாட்டை மறுபடி ஏற்றியது.

கேசட்டில் பதிந்த அந்த மார்கழியிலேயே, நெஞ்சுச் சளியில் போய்விட்டாள் பவுனு. தவமணியின் கடையில் மட்டும் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறாள்.